அடுக்குக் காந்தங்களை அறிந்து வசப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நானோமீட்டர்கூடத் தடிமன் இல்லாத படலத்தில் காந்த ஒழுங்கு நிலைக்குமா என்ற நெடுநாள் கேள்விக்கு 2017ஆம் ஆண்டில் நேரடியான விடை கிடைத்தது. குரோமியம் ட்ரைஅயோடைடின் ஒற்றை அடுக்கு 45 கெல்வின் வரை ஃபெர்ரோ காந்தமாக (அணுக் காந்தங்கள் எல்லாம் ஒரே திசையில் நிற்கும் காந்தமாக) இருப்பதை ஓர் ஆய்வுக்குழு காட்டியது. குரோமியம் ஜெர்மானியம் டெல்லூரைடின் இரட்டை அடுக்கில் சுமார் 30 கெல்வின் வரை ஒழுங்கு நிலைப்பதை இன்னொரு குழு காட்டியது. அதற்குப் பிறகு மின்புலம், அழுத்தம், திரிபு (படிகத்தை இழுத்து நீட்டுவது), முறுக்குக் கோணம் என்று காந்தத்தன்மையை மாற்றும் வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இந்தத் துறைக்குள் நுழைபவர்கள் பெரும்பாலும் எந்த வழி வலிமையானது என்று கேட்கிறார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. என் படிகத்தில் காந்த ஒழுங்கைத் தாங்கும் ஆற்றல்கள் எவை, அவற்றுள் மிக மெலிந்தது எது? மெலிந்த ஆற்றலைத்தான் ஆய்வகத்தில் நம்மால் அசைக்க முடியும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் செல்கிறது.

முதல் படி: ஆற்றல்களைப் பிரித்துப் பாருங்கள்

அடுக்குக் காந்தம் என்பது மெல்லிய அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று தளர்வாகப் படிந்த காந்தப் படிகம். அதில் மூன்று ஆற்றல்களைத் தனித்தனியே எடைபோட வேண்டும்.

முதலாவது, ஒரே அடுக்குக்குள் அண்டை அணுக்களின் தற்சுழற்சிகளை (எலக்ட்ரான்களின் நுண்காந்தங்களை) இணைக்கும் பரிமாற்ற இடைவினை. குரோமியம் ட்ரைஅயோடைடில் குரோமிய அயனிகள் தேன்கூட்டு வடிவில் அமர்ந்திருக்கின்றன. ஒவ்வோர் அயனியிலும் இணையில்லாத எலக்ட்ரான்கள் மூன்று. எனவே காந்தத் திருப்புத்திறன் ஏறத்தாழ 3 போர் மேக்னட்டான் (அணுக் காந்தத்தை அளக்கும் அலகு). அண்டைக் குரோமியங்களுக்கு இடையே அயோடின் பாலமாக நிற்கிறது, அந்தப் பாலத்தின் கோணம் 90 பாகைக்கு அருகில் இருக்கிறது. குட்இனஃப்–கனமோரி விதிகளின்படி இத்தகைய செங்கோணப் பாலம் இரண்டு தற்சுழற்சிகளையும் ஒரே திசையில் நிறுத்தும். முழுப் படிகத்தில் நடந்த நியூட்ரான் சிதறல் அளவீடுகள் இந்த இடைவினையின் அளவை ஏறத்தாழ 2 மில்லி எலக்ட்ரான்வோல்ட் என்று தருகின்றன.

இரண்டாவது, திசைச்சார்பு ஆற்றல். தற்சுழற்சி எந்தத் திசையில் நிற்க விழைகிறது என்பதை இது முடிவு செய்கிறது. அளவில் சிறியதுதான், ஆனால் இது இல்லாவிட்டால் இரு பரிமாணக் காந்தமே இல்லாமல் போகலாம். டேவிட் மெர்மினும் ஹெர்பர்ட் வாக்னரும் 1966இல் நிறுவிய தேற்றம் இதைத்தான் சொல்கிறது: குறுகிய வீச்சு இடைவினையே உள்ள இரு பரிமாண அமைப்பில் எல்லாத் திசைகளும் சமமாக இருந்தால், சுழியத்துக்கு மேற்பட்ட எந்த வெப்பநிலையிலும் தன்னியல்பான காந்தமாக்கம் நிலைக்காது. காரணம் எளிது. திசைகள் சமமாக இருக்கும்போது மிக நீண்ட அலைநீளமுள்ள தற்சுழற்சி அலைகளைக் கிளப்ப ஏறக்குறைய எந்த ஆற்றலும் தேவையில்லை. இரு பரிமாணத்தில் அவற்றின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகி, ஒழுங்கைக் கரைத்துவிடுகிறது. திசைச்சார்பு இருந்தால் அந்த அலைகளின் நிறமாலையில் ஓர் ஆற்றல் இடைவெளி திறக்கிறது. அதற்குக் குறைந்த ஆற்றலில் எந்த அலையும் பிறக்க முடியாது. ஒரே அச்சில் மட்டும் நிற்கும் தற்சுழற்சிகளுக்கு இரு பரிமாணத்திலும் ஒழுங்கு உண்டு என்பதை லார்ஸ் ஆன்சாகர் 1944இலேயே துல்லியமான தீர்வாகத் தந்திருந்தார்.

குரோமியம் ட்ரைஅயோடைடில் இந்த இடைவெளியைத் தருவதில் பெரும்பங்கு அயோடினுடையது. அது கனமான அணு. அதன் தற்சுழற்சி–சுற்றுப்பாதைப் பிணைப்பு வலுவானது. அதனால் தற்சுழற்சிகள் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கின்றன. அயோடினுக்குப் பதிலாக இலேசான குளோரின் இருந்தால் நிலைமை மாறிவிடும். குரோமியம் ட்ரைகுளோரைடில் திசைச்சார்பு மிக மெலிந்தது, தற்சுழற்சிகள் தளத்துக்குள்ளேயே படுத்திருக்கின்றன.

மூன்றாவது, அடுக்குகளுக்கு இடையிலான இடைவினை. குரோமியம் ட்ரைஅயோடைடின் இரட்டை அடுக்கில் ஒவ்வோர் அடுக்கும் தனக்குள் ஃபெர்ரோ காந்தம். ஆனால் இரண்டு அடுக்குகளும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் நிற்கின்றன. சுமார் 0.65 டெஸ்லா புலம் இருந்தால் போதும், இரண்டும் ஒரே திசைக்கு வந்துவிடும். இதைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 போர் மேக்னட்டானை 0.65 டெஸ்லாவால் பெருக்கினால் குரோமியம் ஒன்றுக்குச் சுமார் 0.11 மில்லி எலக்ட்ரான்வோல்ட் வருகிறது. வெப்பநிலையாகச் சொன்னால் ஒரு கெல்வினுக்குச் சற்று அதிகம். அடுக்குக்குள் இருக்கும் இடைவினையோடு ஒப்பிட்டால் இது அற்பமான தொகை. இந்த அற்பம்தான் நம் பிடிமானம். இரட்டை அடுக்கில் காட்டப்பட்ட புகழ்பெற்ற மாற்றங்கள் பெரும்பாலானவை இந்த மூன்றாவது ஆற்றலைத் தொட்டுத்தான் நிகழ்ந்தன.

எந்தப் பொருளை எடுத்தாலும் இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: பொருளைத் தேர்ந்தெடுங்கள்

குரோமியம் ட்ரைஅயோடைடு பற்றிய அறிவு மிக ஆழமானது. ஆனால் காற்றின் ஈரத்தில் அது விரைவாகச் சிதைந்துவிடும், ஒளி பட்டால் இன்னும் வேகமாக. மின்கடத்தாப் பொருள் என்பதால் மின்புலம் ஊடுருவ இடம் கொடுக்கிறது என்பது அதன் பெரும் நன்மை.

முதன்முறையாகத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது குரோமியம் சல்ஃபர் புரோமைடு. காற்றில் நிலைத்து நிற்கிறது. முழுப் படிகம் 132 கெல்வினில் எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கை (அண்டைத் தற்சுழற்சிகள் அல்லது அடுக்குகள் எதிரெதிராக நின்று ஈடுகட்டும் ஒழுங்கை) பெறுகிறது, அதாவது திரவ நைட்ரஜன் வெப்பநிலையிலேயே பணியாற்றலாம். அது குறைக்கடத்தியும் ஆகும். அதன் எக்சிட்டான் (எலக்ட்ரான்–துளை இணை) ஒளியுமிழ்வின் ஆற்றல் அடுக்குகளின் காந்த அமைவைப் பொறுத்து நகர்கிறது. எனவே காந்த நிலையை ஓர் எளிய நிறமாலைமானியால் படித்துவிட முடியும்.

உலோகக் காந்தம் வேண்டும் என்றால் இரும்பு ஜெர்மானியம் டெல்லூரைடு. மூன்று இரும்பு அணுக்கள் உள்ள வகையின் கியூரி வெப்பநிலை (ஃபெர்ரோ ஒழுங்கு கலையும் வெப்பநிலை) முழுப் படிகத்தில் 220 கெல்வினை ஒட்டியது, ஒற்றை அடுக்கில் சுமார் 130 கெல்வின். ஜெர்மானியத்துக்குப் பதில் காலியம் உள்ள உறவினப் பொருள் அறை வெப்பநிலைக்கு மேலேயே ஃபெர்ரோ காந்தமாக இருப்பது 2022இல் தெரியவந்தது. கருவி செய்ய நினைப்பவர்கள் பலரும் இப்போது அதன் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.

எதிர்ஃபெர்ரோ காந்தங்களைப் படிக்க உலோகப் பாஸ்பரஸ் ட்ரைசல்ஃபைடுகள் அருமையான குடும்பம். ஒரே படிக அமைப்பு, உலோக அயனி மட்டும் மாறுகிறது. இரும்பு வந்தால் தற்சுழற்சிகள் ஒரே அச்சில் கட்டுண்டு நிற்கின்றன, நீல் வெப்பநிலை (எதிர்ஃபெர்ரோ ஒழுங்கு கலையும் வெப்பநிலை) ஏறத்தாழ 118 கெல்வின். ஒற்றை அடுக்கிலும் ஒழுங்கு நிலைப்பது 2016இல் ராமன் அளவீட்டால் (சிதறிய ஒளியின் நிறமாலையால்) தெரிந்தது. நிக்கல் வந்தால் தற்சுழற்சிகள் ஒரு தளத்துக்குள் சுழல முடிகிறது, முழுப் படிகம் 155 கெல்வினில் ஒழுங்கடைந்தாலும் ஒற்றை அடுக்கில் அந்த ஒழுங்கு ஒடுங்கிவிடுகிறது. மெர்மின்–வாக்னர் தேற்றத்தின் பின்னணியில் உள்ள இயற்பியலைக் கண்முன் காட்ட இதைவிட நல்ல ஒப்பீடு எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: படலத்தை உரித்து, உடனே மூடுங்கள்

ஒட்டுநாடாவால் படிகத்தை உரித்து, சிலிக்கான் ஆக்சைடு பூசிய வில்லையில் பதிப்பதே இன்றும் வழக்கம். எளிதில் சிதையும் பொருளாக இருந்தால் எல்லா வேலையும் ஆர்கான் அல்லது நைட்ரஜன் நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள் நடக்க வேண்டும். ஆக்சிஜனும் நீராவியும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கட்டும். நுண்ணோக்கியில் அடுக்குகளின் எண்ணிக்கையை ஒளி வேறுபாட்டால் அறியலாம். அதே பொருளின் வேறொரு துண்டில் அணுவிசை நுண்ணோக்கியால் தடிமனை அளந்து, ஒளி வேறுபாட்டோடு பொருத்தி ஓர் அட்டவணை தயாரித்துக்கொண்டால், பயன்படுத்தப்போகும் துண்டைத் தொடவே தேவையில்லை. தேடும்போது நுண்ணோக்கியின் விளக்கொளியைக் குறைத்து வையுங்கள்.

பிறகு அறுகோண போரான் நைட்ரைடு படலங்களுக்கு இடையே துண்டை வைத்து மூட வேண்டும். இதில் அவசரப்படக் கூடாது. குமிழிகள் சிக்கினால் அந்த இடத்தில் திரிபு சேர்ந்துகொள்ளும். பின்னால் மின்புலத்தின் விளைவா திரிபின் விளைவா என்று பிரிக்க முடியாமல் தவிப்பீர்கள்.

அடுக்குகளின் எண்ணிக்கையே முதல் மாற்றுக் கருவி என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குரோமியம் ட்ரைஅயோடைடில் ஒன்றும் மூன்றும் நிகரக் காந்தமாக்கம் கொண்டவை. இரண்டும் நான்கும் புலமில்லாதபோது தம்முள் ஈடுகட்டிக்கொள்கின்றன. எண்ணிக்கையில் ஒன்று தவறினால் முடிவு முழுவதும் தவறிவிடும்.

நான்காம் படி: எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து வையுங்கள்

மாற்றத்துக்கு முந்தைய நிலையின் முழுமையான பதிவு இல்லாமல் எந்த மாற்றத்தையும் நம்ப முடியாது. ஒவ்வொரு முறையும் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காந்த–ஒளியியல் கெர் விளைவு (எதிரொளித்த ஒளியின் முனைவாக்கம் திரும்புவது) தளத்துக்குச் செங்குத்தான நிகரக் காந்தமாக்கத்தைக் காட்டும். புலத்தை ஏற்றி இறக்கும்போது கிடைக்கும் தயக்கக் கண்ணியே (ஏற்றமும் இறக்கமும் வெவ்வேறு வழியில் செல்லும் வளையமே) அடிப்படைச் சான்று. குரோமியம் ட்ரைஅயோடைடுக்கு 633 நானோமீட்டர் லேசர் நன்றாகப் பொருந்துகிறது. அதன் திறனைச் சில மைக்ரோவாட்டுக்குள் அடக்கி, திறனைப் பாதியாக்கினாலும் கண்ணி மாறவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மாறினால் லேசர் துண்டைச் சூடாக்குகிறது. கெர் குறிப்பலையின் உச்சம் காந்தமாக்கத்துக்கு மட்டும் உரியதன்று, அலைநீளத்தையும் தளத்தின் ஒளிக் குறுக்கீட்டையும் பொறுத்தது. அதனால் இரண்டு வெவ்வேறு துண்டுகளின் உச்சங்களை ஒப்பிட்டு முடிவு சொல்லாதீர்கள்.

உலோகப் பொருள்களுக்கு முரணிய ஹால் விளைவு (காந்தமாக்கத்தால் மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தம்) வசதியானது. மின்கடத்தாப் பொருளைக் கிராஃபீன் மின்முனைகளுக்கு இடையே வைத்தால் ஊடுருவல் மின்னோட்டம் அடுக்குகளின் அமைவைப் படித்துச் சொல்லும். நான்கு அடுக்குக் குரோமியம் ட்ரைஅயோடைடில் இந்த மின்தடை மாற்றம் 19,000 விழுக்காடு வரை சென்றதை 2018இல் பதிவுசெய்தார்கள். நிகரக் காந்தமாக்கம் இல்லாத எதிர்ஃபெர்ரோ காந்தங்களுக்கு ராமன் நிறமாலையும் இரண்டாம் ஒத்திசை ஒளியும் (இருமடங்கு அதிர்வெண்ணில் வெளிவரும் ஒளியும்) உதவும். இரட்டை அடுக்கில் எதிர்நிலை ஒழுங்கு தலைகீழ்ச் சமச்சீரை உடைப்பதால், ஒழுங்கு பிறக்கும் வெப்பநிலையில் இரண்டாம் ஒத்திசை ஒளி திடீரென வலுக்கிறது.

இடத்துக்கு இடம் காந்தமாக்கத்தை எண்ணாகவே அறிய வேண்டுமானால் வைரத்தில் உள்ள நைட்ரஜன்–வெற்றிட மையத்தை (காந்தப்புலத்தை உணரும் அணுக் குறைபாட்டை) கொண்ட வருடு நுண்ணோக்கி. மற்ற முறைகள் ஒழுங்கு இருக்கிறது என்று மட்டும் சொல்லும் இடத்தில், இது எவ்வளவு இருக்கிறது என்றும் சொல்லும்.

ஐந்தாம் படி: மாற்றும் கருவியை ஆற்றலோடு பொருத்துங்கள்

முதலில் அடுக்கமைவு. இதன்மேல் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு, ஏனென்றால் இது இந்தத் துறையின் பெரும் புதிர் ஒன்றை அவிழ்த்தது. குரோமியம் ட்ரைஅயோடைடின் முழுப் படிகம் ஃபெர்ரோ காந்தம். அதையே மெல்லியதாக உரித்தால் அடுக்குகள் எதிர்நிலைக்குப் போகின்றன. ஏன்? முழுப் படிகம் 210 கெல்வினை ஒட்டிக் குளிரும்போது, அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று பக்கவாட்டில் வழுக்கி ஒற்றைச்சரிவு அமைப்பிலிருந்து சாய்சதுர அமைப்புக்கு மாறிவிடுகின்றன. மெல்லிய துண்டுகள் அப்படி மாறாமல் பழைய அமைப்பிலேயே நின்றுவிடுகின்றன. சாய்சதுர அமைப்பு அடுக்குகளை ஒரே திசையிலும், ஒற்றைச்சரிவு அமைப்பு எதிர்த் திசையிலும் இணைக்கிறது. வேதியியல் துளியும் மாறவில்லை. அணுக்களின் பக்கவாட்டு நகர்வு ஒன்றே இடைவினையின் குறியைப் புரட்டிவிடுகிறது.

இதை வேண்டுமென்றே செய்வதற்கு அழுத்தம் உதவும். துண்டை எண்ணெய் நிரம்பிய அழுத்தக் கலத்தில் வைத்து, அறை வெப்பநிலையில் அழுத்தி, பிறகு குளிரவைத்து அளக்க வேண்டும். சுமார் 2 கிகாபாஸ்கலில் இரட்டை அடுக்கு ஃபெர்ரோ காந்த அமைவுக்கு மாறியதை 2019இல் இரு குழுக்கள் காட்டின. அந்த எல்லைக்கு முன்பே அடுக்கிடை இடைவினை ஏறத்தாழ இருமடங்காகிவிடுகிறது, அடுக்குகளைப் புரட்டும் காந்தப்புலமும் அதற்கேற்ப உயர்கிறது. அழுத்தத்தை நீக்கிய பிறகும் புதிய அமைவு அப்படியே நின்றது. எனவே இது திரும்ப வராத பாதை. வேறு அளவீடுகள் மீதமிருந்தால் அவற்றை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

அடுத்தது மின்வாயில், அதாவது காப்புப் படலத்துக்கு அப்பாலிருந்து மின்னழுத்தம் தரும் மின்முனை. மேலும் கீழும் இரண்டு வாயில்கள் வையுங்கள். ஒன்றே ஒன்று போதாது. இரண்டுக்கும் ஒரே குறியுள்ள மின்னழுத்தம் தந்தால் துண்டில் மின்னூட்ட ஊர்திகள் (எலக்ட்ரான்கள் அல்லது துளைகள்) சேரும். எதிரெதிர்க் குறி தந்தால் ஊர்திகள் சேராமல் மின்புலம் மட்டும் கூடும். ஒற்றை வாயில் இரண்டையும் கலந்து தருவதால் காரணத்தைப் பிரிக்க வழியில்லை.

மின்புலம் மட்டும் இருக்கும்போது, எதிர்நிலையில் உள்ள இரட்டை அடுக்கில் மேலடுக்கும் கீழடுக்கும் சமமில்லாமல் போய்ச் சிறிதளவு நிகரக் காந்தமாக்கம் பிறக்கிறது. புரட்டும் புலத்துக்கு அருகே காந்தப்புலத்தை நிறுத்திவைத்து மின்புலத்தை மாற்றினால், அதைக் கொண்டே இரு நிலைகளுக்கும் இடையே மாறலாம். ஊர்திகளைச் சேர்க்கும் வழி இன்னும் வலிமையானது. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 × 10¹³ எலக்ட்ரான்களைச் சேர்த்தபோது, காந்தப்புலம் இல்லாமலேயே இரட்டை அடுக்கு ஃபெர்ரோ காந்தமானது. இந்த எண்ணிக்கையை எட்டுவது எளிதன்று. 20 நானோமீட்டர் தடிமனுள்ள போரான் நைட்ரைடு ஒரு வோல்ட்டுக்குத் தருவது சுமார் 8 × 10¹¹ ஊர்திகள்தான். மெல்லிய போரான் நைட்ரைடு, இரண்டு வாயில்களின் கூட்டு முயற்சி, காப்புப் பொருளின் முறிவு எல்லையை நெருங்கும் துணிவு ஆகிய மூன்றும் வேண்டும். கசிவு மின்னோட்டத்தை ஒவ்வொரு புள்ளியிலும் பதிவுசெய்யுங்கள்.

உலோகத்தில் இந்த அளவு ஊர்திகள் போதாது, ஏற்கெனவே அங்கே ஏராளமாக இருக்கின்றன. அங்குதான் அயனி வாயில் வருகிறது, அதாவது அயனிகளைக் கொண்டு ஊர்திகளைச் சேர்ப்பது. லித்தியம் அயனிகளைப் பயன்படுத்திச் சில அடுக்கு இரும்பு ஜெர்மானியம் டெல்லூரைடின் கியூரி வெப்பநிலையை 2018இல் அறை வெப்பநிலை வரை உயர்த்தினார்கள். குரோமியம் ஜெர்மானியம் டெல்லூரைடின் அடுக்குகளுக்கு இடையே கரிம அயனிகளைச் செருகியபோது 65 கெல்வினை ஒட்டியிருந்த ஒழுங்கு வெப்பநிலை 208 கெல்வினுக்குச் சென்றது. இங்கே மாறியது அடுக்கிடை இடைவினை மட்டுமன்று. ஊர்திகள் பெருகியதால் அடுக்குக்குள் இருக்கும் பரிமாற்றமே உருமாறியது, தற்சுழற்சிகளின் விருப்ப அச்சும் செங்குத்திலிருந்து தளத்துக்குச் சாய்ந்தது. வெப்பநிலையை உயர்த்துவதே குறிக்கோள் என்றால் முதல் ஆற்றலைத் தொட்டாக வேண்டும், அதற்கு இவ்வளவு கனமான கருவி தேவைப்படுகிறது.

திரிபைப் பொறுத்தவரை குரோமியம் சல்ஃபர் புரோமைடே இப்போது முன்மாதிரி. துண்டை நெகிழ்பரப்பில் பிணைத்து, அழுத்தமின் கருவியால் (மின்னழுத்தம் தந்தால் நீளும் கருவியால்) படிகத்தின் ஓர் அச்சில் ஓரிரு விழுக்காடு இழுத்தபோது அடுக்குகள் எதிர்நிலையிலிருந்து ஒரே திசைக்கு வந்தன, தளர்த்தியதும் திரும்பிவிட்டன. அழுத்தத்தில் கிடைக்காத மீள்தன்மை இங்கே கிடைக்கிறது. மின்னழுத்தத்தை எவ்வளவு தந்தோம் என்பதை வைத்துத் திரிபைக் கணிக்காதீர்கள், பிணைப்பு நழுவக்கூடும். ராமன் வரியின் நகர்வைக் கொண்டு துண்டின் மீதே திரிபை அளந்துகொள்ளுங்கள்.

முறுக்குக் கோணம் இவற்றில் மிக அழகானது, மிகக் கடினமானதும்கூட. இரண்டு துண்டுகளைச் சிறு கோணத்தில் திருப்பி அடுக்கினால் அடுக்கமைவு இடத்துக்கு இடம் மாறும் மொய்ரே வடிவம் உருவாகும். அதன் அலைநீளம், அணிக்கோவை மாறிலியை (படிகத்தில் அணு வடிவம் மீண்டும் வரும் தூரத்தை) ரேடியனில் எழுதிய கோணத்தால் வகுத்தால் கிடைக்கும். குரோமியம் ட்ரைஅயோடைடில் ஒரு பாகைக்குச் சுமார் 39 நானோமீட்டர், 0.3 பாகைக்குச் சுமார் 130 நானோமீட்டர். ஓர் இடத்தில் அடுக்குகள் ஒரே திசையிலும் அடுத்த இடத்தில் எதிர்த் திசையிலும் நிற்க விரும்புவதால், இரண்டு வகை டொமைன்களும் (ஒரே அமைவுள்ள பகுதிகளும்) ஒரே துண்டில் அருகருகே வாழ்கின்றன. 2021இல் நைட்ரஜன்–வெற்றிட மைய நுண்ணோக்கி இதை நேரடியாகப் படம் பிடித்தது. கோணம் மிகச் சிறிதானால் டொமைன்களுக்கு இடையே சுவர் எழுப்பும் செலவை அடுக்கிடை ஆற்றல் ஈடுகட்டிவிடும். கோணம் பெரிதானால் டொமைன் சுருங்கி, சுவரின் செலவு மிஞ்சி, துண்டு முழுவதும் ஒரே அமைவுக்குப் போய்விடும். எந்தக் கோணத்தைத் தேர்வது என்பதை இந்தப் போட்டிதான் முடிவு செய்கிறது.

ஆறாம் படி: கணக்கீட்டைத் துணைக்கு வையுங்கள்

அடர்த்திச் சார்புக் கோட்பாட்டில் (எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டு ஆற்றலைக் கணிக்கும் முறையில்) ஃபெர்ரோ, எதிர்ஃபெர்ரோ அமைவுகளின் ஆற்றல் வேறுபாட்டைக் கணக்கிட்டு இடைவினைகளைப் பெறலாம். வான் டெர் வால்ஸ் திருத்தம் (அடுக்குகளைப் பிணைக்கும் மெல்லிய விசைக்கான திருத்தம்) கட்டாயம். திசைச்சார்புக்குத் தற்சுழற்சி–சுற்றுப்பாதைப் பிணைப்பைச் சேர்த்தாக வேண்டும். அடுக்கிடை ஆற்றல் ஒரு மில்லி எலக்ட்ரான்வோல்ட்டின் சிறு பின்னம் என்பதால், எலக்ட்ரான் விலக்கத் திருத்தத்தின் அளவைச் சற்று மாற்றினாலே குறி மாறிவிடலாம். பல மதிப்புகளில் ஓட்டிப் பார்த்து, போக்கை மட்டும் நம்புங்கள். கியூரி வெப்பநிலைக்குச் சராசரிப் புலக் கோட்பாடு மிகையான எண்ணைத் தரும். மான்டே கார்லோ (தற்போக்கு எண்களால் நடத்தும் உருவகக் கணக்கு) செய்வதே முறை.

ஏழாம் படி: கண்டதைச் சந்தேகித்துச் சோதியுங்கள்

வனேடியம் டைசெலினைடு நல்ல பாடம். அதன் ஒற்றை அடுக்கில் அறை வெப்பநிலைக் காந்தம் இருப்பதாக 2018இல் ஓர் அறிக்கை வந்தது. பிறகு வேறு முறைகளில் ஆராய்ந்தவர்கள் அங்கே மின்னூட்ட அடர்த்தி அலையை (எலக்ட்ரான் அடர்த்தியின் அலைவடிவ ஒழுங்கை) கண்டார்களே தவிர, உள்ளார்ந்த ஃபெர்ரோ ஒழுங்கைக் காணவில்லை. துகளளவு மாசும் குறைபாடுகளும் காந்தக் குறிப்பலையைத் தர முடியும். எனவே தனித்தனி இயற்பியல் அடிப்படையுள்ள இரண்டு முறைகளாவது ஒரே முடிவுக்கு வர வேண்டும். அதே கட்டமைப்பை அடுக்குக் காந்தம் இல்லாமல் ஒருமுறை செய்து அளந்து பாருங்கள். அதிலும் குறிப்பலை வந்தால் அது உங்கள் பொருளுடையதன்று.

வாயிலையோ திரிபையோ ஏற்றிய வழியே இறக்கி, பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் அடுக்கமைவு நகர்ந்திருக்கலாம். குரோமியம் ட்ரைஅயோடைடின் ஒன்பது அடுக்குத் துண்டு ஒன்றில் இப்படித்தான் நடந்தது: 2019இல் வைர முனை தற்செயலாக மூடுபடலத்தைத் துளைத்ததும் அதன் காந்தமாக்கம் ஓர் அடுக்குக்கு உரிய அளவிலிருந்து ஒன்பது அடுக்குகளுக்கு உரிய அளவுக்குத் தாவியது. எதிர்நிலையில் ஈடுகட்டி நின்ற அடுக்குகள் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பிவிட்டன. ராமன் அளவீட்டைச் சேர்த்துப் பார்த்தபோது, படிக அமைப்பில் ஏற்பட்ட மாற்றமே காரணம் என்பது தெரிந்தது. ஆகவே எந்தக் காந்த மாற்றத்தைக் கண்டாலும், அதை அறிவிக்கும் முன் அதே இடத்தில், அதே வெப்பநிலையில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ராமன் நிறமாலையை எடுத்து அருகருகே வையுங்கள்.